இடைவெளியைக் கணக்கிடும் பெட்டி: போர்ட் பிளேர் ஓதமானியும் வீட்டில் செய்த கேமரா ட்ரிக்கரும்

டைம்லாப்ஸ் படமெடுப்பில் கேமராவுக்கு வேலை குறைவு. குறித்த இடைவெளியில், ஒரே சீராக, மணிக்கணக்கில் ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்யும் கருவியை ட்ரிக்கர் என்றும் இன்டர்வலோமீட்டர் என்றும் சொல்வார்கள். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரை எடுத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் டெலானிபூர், ஹேடோ, ஃபீனிக்ஸ் பே பகுதிகளை அடுத்துள்ள துறைமுகக் கரையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 745 படங்கள் சேரும். அவற்றை விநாடிக்கு 25 வீதம் ஓட்டினால், கடல் வற்றி மறுபடி ஏறுவதை அரை நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். இதற்காக 745 முறை ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது நடக்காத காரியம். அழுத்தினாலும் இடைவெளி சீராக இராது. சீர் தப்பினால் திரையில் நீர்மட்டம் துள்ளித் துள்ளி நகரும்.

இந்தக் கருவியின் வரலாற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கேமராவை விலைக்கு வாங்கியவர்கள்கூட ட்ரிக்கரைத் தாங்களே செய்துகொண்டார்கள். மலருக்கு ஓர் இடைவெளி, சூரியனுக்கு ஓர் இடைவெளி, கடலுக்கு ஓர் இடைவெளி என்று தேவை மாறிக்கொண்டே இருந்ததால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பெட்டியைக் கடையில் விற்க நெடுங்காலம் ஆயிற்று.

அந்தமானுக்குக் கேமரா வந்தது 1857 இறுதியில். சிறைக் குடியேற்றத்துக்கு இடம் பார்க்க டாக்டர் எஃப். ஜே. மொவாட் தலைமையில் அனுப்பப்பட்ட குழுவோடு, கல்கத்தாவில் தொழில் செய்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆஸ்கர் மலித் கப்பலேறினார். அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடியில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியை அந்த ஈரத்தகடே தீர்மானித்தது. புகைப்படக்காரரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் போர்ட் பிளேரில் கைதிகள் இறக்கப்பட்டார்கள்.

தீவுகளில் கடிகாரத்தின் சீரில் ஒன்றைத் தானாகப் பதிவு செய்த ஆரம்பகால முக்கியக் கருவி, கேமரா அன்று, ஓதமானி. இந்திய நிலஅளவைத் துறையின் கேப்டன் ஏ. டபிள்யூ. பெயர்ட் 1870களின் பிற்பாதியில் இந்தியத் துறைமுகங்களில் ஏற்றவற்றத்தை அளக்கும் பணியை ஒழுங்குபடுத்தினார். போர்ட் பிளேரில் அந்தப் பதிவு 1880இல் தொடங்கியது. கருவியின் அமைப்பு எளியது. கடலோடு குழாயால் இணைந்த கிணற்றில் ஒரு மிதவை. கிணற்றுக்குள் இருப்பதால் சிற்றலைகள் அதை அசைப்பதில்லை. மிதவையில் கட்டிய கம்பி ஒரு பென்சிலை ஏற்றி இறக்கும். பென்சில் முனை தொடும் தாள் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். கடிகாரம் அந்த உருளையை நாளுக்கு ஒரு சுற்றுச் சுழற்றும். கடல் மேலும் கீழும் போக, காலம் பக்கவாட்டில் போக, தாளில் வளைகோடு விழும். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவும் தாளை மாற்றவும் மட்டுமே ஆள் வேண்டும்.

அந்த வளைகோட்டின் மதிப்பு அடுத்த ஆண்டே தெரிந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. அதில் எழுந்த ஆழிப்பேரலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகள் பதிவு செய்தன. போர்ட் பிளேரும் நாகப்பட்டினமும் அவற்றில் அடங்கும். நூற்றிருபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் மோடெஸ்டோ ஓர்டிஸும் ரோஜர் பில்ஹாமும் அந்தப் பழைய தாள்களை வைத்தே நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கணக்கிட்டார்கள். அவர்களுடைய ஆய்வு 2003இல் வெளியானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு ஓராண்டு முன்னதாக. 1883 ஆகஸ்டில் க்ரகடோவா எரிமலை வெடித்தபோதும் போர்ட் பிளேர் ஓதமானியின் பென்சில் அலைவுகளை வரைந்தது. யாரும் எதிர்பாராத நேரத்தில் விழித்திருந்தது என்பதே அந்தக் கருவியின் பெருமை. அதன் குறையும் கடிகாரத்தில்தான் இருந்தது: கடிகாரம் சில நிமிடம் பிசகினால் அலை வந்த நேரமும் அவ்வளவு பிசகும். பின்னாளில் ட்ரிக்கர் செய்தவர்கள் எல்லோரும் மல்லுக்கட்டியது இதே குறையோடுதான்.

அதே துறைமுகத்தில், 1890களில், எம். வி. போர்ட்மன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அந்தமான் பழங்குடியினரைப் பெருமளவில் படமெடுத்தார். அவர்களைப் பொறுப்பில் வைத்திருந்த அதிகாரியே கேமராவுக்குப் பின்னால் நின்றவர் என்பதால் அப்படங்களில் அடக்குமுறையின் நிழல் இருக்கிறது. பலவற்றில் மனிதர்கள் அளவுகோலுக்கு முன் நிறுத்தப்பட்ட பொருளாகத் தெரிகிறார்கள். இருந்தாலும் ஒரு வகைப் படங்கள் இங்கே கவனிக்கத்தக்கவை. வில், வாச்சி போன்றவற்றைச் செய்யும் வேலையைப் படிப்படியாகப் பிரித்து வரிசையாக எடுத்தார். நீண்ட வேலை சில தகடுகளில் அடங்கியது. இடைவெளியைத் தேர்ந்தவர் கடிகாரம் பார்க்கவில்லை. எந்தக் கட்டம் முக்கியம் என்று தாமே முடிவு செய்தார். டைம்லாப்ஸ் இதற்கு நேர் எதிர்: எது முக்கியம் என்ற தீர்ப்பை அது கடிகாரத்திடம் விட்டுவிடுகிறது.

கடிகாரத்தை ஷட்டரோடு இணைக்கும் முயற்சி அதற்குள் வேறு இடங்களில் தொடங்கியிருந்தது. 1868இல் சூரிய கிரகணம் பார்க்கக் குண்டூருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் ழூல் ழான்சென், 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பதிவு செய்ய ஜப்பானின் நாகசாகிக்கு ஒரு ‘புகைப்பட ரிவால்வர்’ கொண்டுபோனார். கடிகாரப் பொறியில் இயங்கும் தகடு ஒன்று 72 விநாடியில் 48 படங்களைப் பிடித்தது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடும் குதிரையை 12 கேமராக்களால் எடுத்தார். மின்காந்தத்தால் விடுவிக்கப்படும் ஷட்டர்கள் அவை. அங்கே ஷட்டரைத் தொடுவது மின்சாரத்தின் வேலை ஆனது. ஆனால் அவற்றைத் தூண்டியது நேரமன்று, குதிரை. கம்பியில் கால் பட்டால் படம் விழும் இந்த முறையை 1920களில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இந்தியக் காடுகளில் புலிக்குப் பயன்படுத்தினார். 1990களில் நாகரஹொளேயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் வைத்த தானியங்கிக் கேமராக்களும் அதே மரபு. அது தனிக் கிளை. இங்கே அதைத் தொடர வேண்டியதில்லை.

நேரத்தால் தூண்டும் கிளையைச் செடிகள் வளர்த்தன. ஜெர்மனியின் லைப்ஸிக்கில் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1898 முதல் 1900 வரை செடிகளின் அசைவையும் வளர்ச்சியையும் இடைவெளி விட்டுப் படச்சுருளில் எடுத்தார். 1910இல் வெளிவந்த ‘மலரின் பிறப்பு’ படத்தை எடுத்த லண்டன்காரர் பெர்சி ஸ்மித், தம் வீட்டையே இதற்கான பட்டறையாக்கினார். அலார கடிகாரம், கிராமஃபோன் உறுப்பு, மெக்கானோ விளையாட்டுச் சாமான் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கட்டிய எந்திரங்கள் இரவு முழுதும் ஓடின. ஏதேனும் நின்றுபோனால் அவரை எழுப்ப மணி அடிக்கும். அமெரிக்காவில் சிகாகோ வங்கி ஊழியர் ஜான் ஆட் 1927 முதல் பொழுதுபோக்காக இதைத் தொடங்கிப் பின்னர் அதையே தொழிலாக்கிக்கொண்டார். வால்ட் டிஸ்னியின் ‘சீக்ரெட்ஸ் ஆஃப் லைஃப்’ (1956) படத்தில் அவருடைய பூக்கள் மலர்ந்தன.

இந்தியாவில் ஜகதீஸ் சந்திர போஸ் கல்கத்தாவில் உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்த கருவிகளை இந்த வரிசையில் சேர்க்காவிட்டால் குறையாகும். அவருடைய பதிவிகளில் எழுதும் முள், புகை படிந்த கண்ணாடியை விடாமல் உரசிக்கொண்டிருக்கவில்லை. சீரான இடைவெளியில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தது. இதனால் உராய்வும் குறைந்தது, புள்ளிகளின் எண்ணிக்கையே நேரத்தையும் சொன்னது. அளவுக் கருவியில் போஸ் செய்ததும் கேமராவில் ஸ்மித் செய்ததும் ஒரே யோசனைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடில்லாத எடுத்துக்காட்டு கொடைக்கானல். 1899இல் செயல்படத் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துவருகிறது. இடைவெளி ஒரு நாள். ட்ரிக்கர், பணிக்கு வரும் ஊழியர். 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், நிறமாலைக் கருவிகளைத் தாமே வடிவமைத்துக் கட்டிக்கொள்வதில் தேர்ந்தவர். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அவர் கண்டது அப்படிக் கட்டிய கருவிகளால்தான். ஆய்வகத்தின் கண்ணாடித் தகடுகளும் பட ஏடுகளும் இன்று கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. வரிசையாக ஓட்டினால் சூரியப் புள்ளிகள் பதினோராண்டுச் சுழற்சியில் பெருகுவதும் குறைவதும் தெரியும். மனிதரைக் கொண்டு நூறாண்டுக்கு மேல் ஓடிய டைம்லாப்ஸ் உலகில் வெகு சிலவே.

மோட்டாரும் பற்சக்கரமும் கொண்ட பெட்டிகளை எலக்ட்ரானிக்ஸ் ஓரங்கட்டியது 1970களில். ஸிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, மறு ஆண்டு விற்பனைக்கு வந்த 555 என்ற ஐ.சி.தான் அதற்குக் காரணம். எட்டுக் கால் கொண்ட இந்தச் சில்லில் ஒரு கெபாசிட்டர் மெதுவாக நிரம்பும். அதன் மின்னழுத்தம் பேட்டரி மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் சில்லு அதை வடியவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரம்பவிடும். நிரம்பும் நேரமும் வடியும் நேரமும் வெளியே வைக்கும் இரண்டு ரெசிஸ்டரையும் ஒரு கெபாசிட்டரையும் பொறுத்தது. 820 கிலோஓம், 4.7 கிலோஓம், 100 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், வெளியீடு ஏறத்தாழ 57 விநாடி உயரத்தில் நின்று, மூன்றில் ஒரு பங்கு விநாடி தாழ்ந்து, மறுபடி உயரும். அந்தத் தாழ்ந்த நொடிதான் ஷட்டரைத் தட்டும் நொடி. நிலையான ரெசிஸ்டருக்குப் பதில் திருகக்கூடியதை வைத்தால் இடைவெளியை விரும்பியபடி மாற்றலாம்.

இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 1969இல் தில்லியில் தொடங்கிய ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழின் சர்க்யூட் பக்கங்களைப் பார்த்து மாணவர்களும் ரேடியோ மெக்கானிக்குகளும் கட்டிப் பார்த்தார்கள். உதிரிப் பாகத்துக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் போன இடம் சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. அந்தமானுக்கு அதே சாமான் போய்ச் சேர ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடக்க வேண்டும். பயணிகள் கப்பலில் மூன்று நாள் ஆகும். ஒரு சில்லு கருகிவிட்டால் அடுத்த கப்பல்வரை வேலை நிற்கும். ஆகவே தீவில் சால்டரிங் அயர்னைத் தொடுபவர் சாக்கெட்டில் ஐ.சி.யைப் பொருத்துவதும், இரண்டாக வாங்கி வைப்பதும் தேவை கருதித்தான்.

சர்க்யூட் துடித்தால் மட்டும் போதாது. கேமரா அதைக் கேட்க வேண்டும். பழைய ஃபிலிம் கேமராவின் பொத்தான் முழுக்க இயந்திரம். அதை அழுத்த சோலனாய்டு என்ற மின்காந்தத் தடியைப் பொத்தானுக்கு மேல் பொருத்தினார்கள். தடி இடிக்கும்போது ஸ்டாண்டே அதிரும். 16 மி.மீ. போலெக்ஸ் கேமராவில் ஒரு சட்டம் மட்டும் எடுக்கும் வசதி இருந்ததால் அது இவ்வேலைக்குப் பெயர்பெற்றது. மின்னணு ஷட்டர் வந்தபின் எல்லாம் சுலபமாயிற்று. கேனனின் சாதாரண எஸ்எல்ஆர்களில் பக்கவாட்டில் இருக்கும் 2.5 மி.மீ. துளை, அக்கால நோக்கியா போன்களின் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முனைக்கு அப்படியே பொருந்தும். அந்த முனையில் மூன்று உலோக வளையம். அடியில் உள்ளது பொது இணைப்பு, நடுவில் உள்ளது குவியம், நுனி ஷட்டர். அடிவளையத்தோடு நடுவளையத்தைச் சேர்த்தால் பொத்தானைப் பாதி அழுத்தியதுபோல் கேமரா விழிக்கும். நுனியையும் சேர்த்தால் படம் விழும். பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்றை வெட்டி ஒயரை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க மாணவர்கள் சிலர் இன்னும் ஒரு படி போய், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டரில் அதே அளவுத் துளை இருப்பதைக் கண்டு, கால்குலேட்டரையே ட்ரிக்கராக்கினார்கள்.

சர்க்யூட்டின் வெளியீட்டை அந்த ஒயரில் நேரே இணைப்பது ஆபத்து. 9 வோல்ட் தவறிப்போய்க் கேமராவுக்குள் நுழைந்தால் பல்லாயிரம் ரூபாய்ப் பொருள் வீண். இதற்காகவே ஆப்டோகப்ளர் வைக்கப்படுகிறது. 4என்35, பிசி817 போன்ற மலிவான பாகங்கள் அவை; உள்ளே ஒரு பக்கம் சிறிய எல்இடி, மறுபக்கம் ஒளி பட்டால் கடத்தும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. எல்இடி ஒளிர, கேமரா பக்கம் சுவிட்ச் மூடும். ரிலே வைத்தாலும் இதே பலன்தான், ஆனால் அதன் ‘டிக்’ ஒலியும் மின்செலவும் கூடுதல்.

555இன் குறை, ஓதமானியின் குறையே: நேரம். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உண்மையான அளவு, மேலே அச்சிட்ட அளவிலிருந்து 20 சதவீதம்வரை விலகலாம். சூடு ஏற ஏற அதில் கசிவும் கூடும். நண்பகலில் ஓர் இடைவெளி, விடியலில் வேறோர் இடைவெளி. பூ மலர்வதற்கு இது பொருட்டில்லை. ஏற்றவற்றத்தை நேரத்தோடு ஒப்பிட நினைத்தால் பொருட்டுத்தான். இதற்கு மாற்று, கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும் அதை சிடி4060 என்ற எண்ணும் சில்லு 16,384ஆல் வகுத்து விநாடிக்கு இரண்டு துடிப்பாக்கும். மேலும் 120ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஒன்று. நாளுக்கு இரண்டு விநாடிக்கு மேல் அது தவறுவது அரிது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் அர்டுவினோ பிறந்தபின், வகுப்பது எண்ணுவது எல்லாம் மென்பொருளுக்குள் போயின. இடைவெளி, எத்தனை படம், இரவில் நிறுத்தம் என்று எதையும் சில வரி நிரலில் மாற்ற முடிந்தது. அந்தமானில் அந்த நிரலைத் தேடி இறக்குவதே ஒரு காலத்தில் பொறுமையைச் சோதித்தது. செயற்கைக்கோள் வழி இணையம் அவ்வளவு மந்தம். சென்னையிலிருந்து கடலடியில் போட்ட ஏறத்தாழ 2,300 கி.மீ. ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது. இதற்கிடையே கேனனின் டிசி-80என்3, நிக்கானின் எம்சி-36 போன்ற விலையுயர்ந்த ட்ரிக்கர்கள் கடைக்கு வந்தன, பின்னர் பல கேமராக்களின் மெனுவிலேயே இந்த வசதி இடம்பிடித்தது.

அதன்பின்னும் கையால் கட்டும் பெட்டி போகாததற்குப் போர்ட் பிளேர் போன்ற ஊரின் வானிலையும் வெளிச்சமும் சான்று. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, உப்புக் காற்று செம்புத் தடங்களைப் பச்சையாக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சர்க்யூட் பலகைமேல் வார்னிஷ் பூச வேண்டும், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட வேண்டும், முனைகளில் துரு பார்க்க வேண்டும். மின்செலவும் கணக்கில் வரும்: சாதாரண 555 ஒரு 9 வோல்ட் பேட்டரியை மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடும், அதே வேலையைச் செய்யும் சீமாஸ் 7555 பல மாதம் தாங்கும். இந்திய நேரத்துக்கும் தீவின் சூரிய நேரத்துக்கும் சுமார் 41 நிமிட வேறுபாடு இருப்பதால் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். சென்னைக்கு எழுதிய நேர அட்டவணை இங்கே இருட்டைத்தான் படமெடுக்கும். எல்டிஆர் என்ற ஒளி உணரியைச் சேர்த்துவிட்டால் அட்டவணையே வேண்டாம்.

கேமராவின் ஆயுளும் இடைவெளியைக் கட்டுப்படுத்தும். நடுத்தர எஸ்எல்ஆரின் ஷட்டருக்கு நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் ஏறத்தாழ 1 லட்சம் சொடுக்கு. நிமிடத்துக்கு ஒன்று என்று இரவும் பகலும் ஓட்டினால் 70 நாளுக்குள் அது தீரும். டெலானிபூரில் கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம் சிப்பியும் பவளமுமாகக் காட்டும் கடலுலகில் மாற்றங்கள் பல மாதக்கணக்கில் நடப்பவை. 2010 கோடையில் அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தது போன்றவை. அவற்றுக்கு நாளுக்கு ஒரு படமே போதும். 2004 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் வந்து தங்கியது. அதன்பின் நிலம் மெல்ல நகர்வதைக் காட்ட மாதத்துக்கு ஒரு படம்கூட அதிகம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்றம் ஒரே நிலையில் இருக்கும்போது எடுத்தாக வேண்டும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், மெனுவில் உள்ள நிலையான இடைவெளி அதற்கு உதவாது. ஏற்றவற்ற அட்டவணையை நினைவில் ஏற்றிய, அல்லது சிறு மிதவை சுவிட்சால் தூண்டப்படும் ட்ரிக்கரை இன்றைக்கும் செய்துகொள்ளத்தான் வேண்டும்.